சிவப்புப் புள்ளி வகை

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்தான் மதிவாணன் கடைக்கு ஆள் வரும். கேட் மூடியதும் வண்டியை அணைத்துவிட்டு, வெயிலுக்குப் பயந்து உள்ளே ஏறி, கண்காணிப்புக் கேமரா என்ன விலை, இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும் என்று அக்கறையாக விசாரிப்பார்கள். மதிவாணனும் அக்கறையாகவே பதில் சொல்வார். கேட் தூக்கும் சத்தம் கேட்டதும் பாதிப் பேச்சில் இறங்கிப் போய்விடுவார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. வாங்க வந்தவர்களைவிட வாங்காமல் போகிறவர்களையே அவருக்குப் பிடிக்கும், அவர்கள் திரும்ப வந்து குறை சொல்வதில்லை.

அவர் வேலை என்று நினைத்தது கடையின் பின்னறையில் நடந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் மேல் பைத்தியம் கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் விக்கி ஒன்று உண்டு. செத்துப்போன கம்பெனிகள் செய்த செத்துப்போன இயந்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று முகப்பிலேயே போட்டிருக்கும். முதல் பாதியை மதிவாணன் பெரிய மனதோடு சகித்துக்கொண்டார். இரண்டாவது பாதியில் வாழ்ந்தார்.

காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, வாசலில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே விக்கியைத் திறப்பார். முந்தின நாள் உலகம் செய்த தப்புகள் வரிசையாகக் காத்திருக்கும். சிப் பெயரில் தப்பு, ஆண்டில் தப்பு, பிரிண்டர் கார்டைக் கொண்டுபோய் டிஸ்க் கார்டு வகையில் போட்டிருக்கும் தப்பு. அவற்றைச் சரி செய்வார். வகை இல்லாமல் அநாதையாக நிற்கும் படங்களை அந்தந்த வகையில் சேர்ப்பார். ஆதாரம் இல்லாததை அழிப்பார். மூன்றில் எது பிடிக்கும் என்று கேட்டால் திருத்துவது என்பார். அழிக்கும்போது மட்டும் டீயை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்.

அந்த விக்கிக்குச் சில விதிகள் உண்டு. அவற்றில் எல்லோரும் மேற்கோள் காட்டும் விதி ஒன்றை எழுதியவர் மதிவாணன்தான். நினைவு ஆதாரம் ஆகாது. நேரில் பார்த்தேன், எங்கள் ஆபீஸில் இருந்தது, எங்கள் மாமா சொன்னார் என்பதெல்லாம் செல்லாது. அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது படத்தில் தெரிய வேண்டும். பின்லாந்தில் இருந்துகொண்டு அந்த விக்கியை நிர்வகிக்கும் மனிதர் இந்த விதியைப் படித்துவிட்டு, இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது என்று பாராட்டினார். மதிவாணன் அந்தப் பாராட்டைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

பூதலூரில் அமிர்தலிங்கம் என்று ஒருவர். கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டரைப் பற்றி, எலி வந்து அதன் ஒயரைக் கடித்தது உட்பட, அவர் அந்த விக்கியில் இரண்டு பத்தி எழுதினார். மதிவாணன் டீ ஆறுவதற்குள் அழித்தார். அவர் மறுபடி எழுதினார். மதிவாணன் அவரை உள்ளே வரவிடாமல் தடை போட்டார். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்தது.

“உலகம் பூரா படிக்கிற எடத்துல எழுதுனேங்க. எவனோ ஒரு படுபாவி துடைச்சு எறிஞ்சிட்டான்” என்றார் அமிர்தலிங்கம்.

“அப்படியா” என்ற மதிவாணன், பாயசத்தை அவர் இலையில் இன்னொரு கரண்டி விடச் சொன்னார். படுபாவி என்ற சொல்லுக்கு ஆதாரம் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் குணம் அப்பா வழி வந்தது. அப்பா நெடுமாறன், கறுப்புச் சட்டை போட்ட தமிழாசிரியர். வீட்டில் தீபாவளி இல்லை, கார்த்திகை இல்லை. யார் எதைச் சொன்னாலும், “நீ பாத்தியா? பாத்தவன் யாரு?” என்று கேட்பார். ஆயுத பூஜை அன்று தெருவே பொரி தின்னும்போது மதிவாணன் வீட்டுக்குள் உட்கார்ந்து புத்தகம் படிக்க வேண்டும். பின்னாளில் வேலைக்குப் போனபோதும் அந்த நாளில் லீவு போடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. மகன் கடவுளை நம்பக் கூடாது என்று அப்பா பாடுபட்டார். மகன் அதில் சிரத்தையே காட்டவில்லை. மனிதர்களைத்தான் நம்பாமல் போனான்.

வேலை என்றால் சர்வீஸ் இன்ஜினியர் வேலை. தஞ்சாவூரில் வெண்ணாறு மைக்ரோ என்று ஒரு சின்னக் கம்பெனி அப்போது பொன்னி என்ற பெயரில் கம்ப்யூட்டர் செய்தது. ரைஸ் மில்லுக்கும் கூட்டுறவு சங்கத்துக்கும் போன இயந்திரம். அது நின்றுபோனால் ஓட வைக்க, பையும் சாலிடரிங் கோலுமாகப் பஸ் ஏறுகிறவர்களில் மதிவாணன் ஒருவர். கம்பெனிக்குள் அவர் அதிகம் போனதில்லை. அவருக்கு ஆர்டர் தருகிற ஏஜென்ட் இருந்தது மன்னார்குடியில். கம்பெனி மூடியபோது பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த போர்டுகளில் ஐந்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

விக்கியில் பொன்னிக்கு ஒரு பக்கம் முன்பே இருந்தது. இரண்டு வரி. ஏற்கெனவே உலகம் முழுக்கப் பலர் செய்த பொது டிசைனின் நகல்தான் இது, தனிப் பக்கம் எதற்கு, பொதுப் பக்கத்தோடு இணைத்துவிடலாம் என்று மேலே ஒரு குறிப்பும் தொங்கியது. மதிவாணன் தன் ஐந்து போர்டுகளையும் மேசையில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். மூன்று போர்டுகளில் பெரிய சிப்பின் பக்கத்தில், வார்னிஷுக்குள் பதிந்தாற்போல், ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. மற்ற இரண்டில் இல்லை. கரண்ட் கொடுத்துப் பார்த்தார். புள்ளி வைத்த மூன்றும் ஓடின. வைக்காத இரண்டும் ஓடவில்லை.

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் முடிவு செய்திருப்பார்கள். அதாவது, ஆயுத பூஜை அன்று லீவு போட்ட யாராக இருந்தாலும். சூடேற ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனையில் தேறிய போர்டுகளுக்குக் கம்பெனி வைத்த அடையாளம் என்று எழுதி, படங்களைப் போட்டு, ‘சிவப்புப் புள்ளி வகை’ என்று ஒரு வகையையே உண்டாக்கினார். பக்கம் பிழைத்தது. எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் போர்டுகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு ஆரஞ்சுப் புள்ளி கிடைத்தது. பக்கத்தின் அடியில் ‘வகையைக் கண்டறிந்தவர்: மதிவாணன், நீடாமங்கலம்’ என்று நின்றது. மேலே, விவரப் பெட்டிக்குள், ‘வடிவமைத்தவர்: தெரியவில்லை’ என்று நின்றது.

அன்றைக்கு அந்தப் படத்தை மனைவி மேகலாவுக்குக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, “குங்குமம் மாதிரி இருக்கு” என்றாள். மதிவாணன் ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். தன் ஸ்கூட்டியின் ஹெட்லைட்டுக்கு மேல் அவள் வருஷாவருஷம் இடுகிற பொட்டைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பது அவர்களுடைய இல்லற ஒப்பந்தம்.

பத்து வருஷம் இப்படிக் கழிந்த பிறகுதான் பெட்டிக்குள் ஒருவர் கை வைத்தார். ‘தெரியவில்லை’ என்பதை எடுத்துவிட்டு ‘சாமா, தஞ்சாவூர்’ என்று போட்டிருந்தது. மதிவாணன் அழித்தார். மறுநாள் மறுபடி வந்தது, கூடவே ஒரு குறிப்பு: ‘நான் அவர் மனைவி பர்வதம். எனக்குத் தெரியும்.’ அழித்து, நினைவு ஆதாரம் ஆகாது என்று காரணம் எழுதினார். மூன்றாம் நாள், திருத்தங்களைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நீளமாக ஒன்றும் இல்லை, ஒரே வரி: ‘அந்தச் சிவப்புப் புள்ளி குங்குமம். வைத்தது நான்.’

மதிவாணன் டீயை ஓரமாக வைத்தார். ‘விஷமம்’ என்று காரணம் போட்டு, பர்வதம் என்ற பெயருக்கு ஒரு மாதம் தடை விதித்தார்.

தடையை மீறி விக்கிக்குள் வர முடியாது. நீடாமங்கலத்துக்குள் வர எந்தத் தடையும் இல்லை. அடுத்த வாரமே, கேட் மூடியிருந்த நேரத்தில், அறுபது தாண்டிய ஒரு அம்மாள் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

“கேமராவா, இன்வெர்ட்டரா?” என்றார் மதிவாணன்.

“பொன்னி” என்றாள். “நீடாமங்கலத்துல பழைய கம்ப்யூட்டரைக் கட்டிண்டு அழறவர் யாருன்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டேன். நேரா இங்க அனுப்பிட்டா. நான் பர்வதம். நீங்க தடை போட்டேளே, அந்தப் பர்வதம்.”

மதிவாணன் எழுந்து நாற்காலியைத் தூசி தட்டினார். நேரில் வந்தவர்களிடம் அவர் எப்போதும் மரியாதைக்காரர். “உக்காருங்கம்மா. அது தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல. விதி.”

“தெரியும் சார். நான் சண்டை போட வரல. எங்காத்துக்காரர் போய் ரெண்டு வருஷம் ஆறது. பொண்ணு ஹம்சத்வனி சிட்னில இருக்கா. அப்பா பேரைப் போட்டுத் தேடினா ஒண்ணும் வரல்லைங்கறா. பொன்னின்னு தேடினா உங்க பக்கம் வரது. அதுல வடிவமைத்தவர் தெரியவில்லைன்னு போட்டிருக்கு. செத்துப்போயிட்டார்னு போட்டா நான் பொறுத்துப்பேன் சார். தெரியவில்லைன்னா எப்படி? நான்தான் இருக்கேனே, எனக்குத் தெரியுமே.”

“கம்பெனி நோட்டீஸ் ஏதாவது இருக்கா? அவரு பேரு போட்டு?”

“நோட்டீஸ்ல மொதலாளி ஃபோட்டோதான் இருக்கும். மாலையோட. அவருக்கு ஸ்விட்ச் எந்தப் பக்கம்னு தெரியாது.”

“அப்ப அச்சுல மொதலாளிதான் இருக்காரு” என்றார் மதிவாணன். நல்லவேளையாக, அவர் பெயரையும் போட முடியாது, அவர் வடிவமைத்தார் என்று நோட்டீஸ் சொல்லவில்லை என்று விளக்கினார். அவள் அதில் ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு போர்டு. சிப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.

“இதான் மொத போர்டு. அவர் மேஜையிலயே இருந்தது. நான் அங்க டெஸ்டிங் டேபிள்ல வேலை பாத்தேன், கல்யாணத்துக்கு அப்புறமும் பாத்தேன். ஆயுத பூஜைக்குப் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வெக்கணும்னு மொதலாளி சொல்லிட்டார். இவருக்கு உசிரே போயிடுத்து. சந்தனம் ஈரம், ஷார்ட் ஆகும், பொடி உதுந்தா சிப் காலுக்கு நடுவுல போகும்னு கத்தறார். கடைசில நான்தான், ஆத்துல மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுப் பண்ணின குங்குமத்த வார்னிஷ்ல குழைச்சு, தீக்குச்சியால ஒரு புள்ளி வெச்சேன். மொதலாளிக்கும் திருப்தி, இவருக்கும் திருப்தி. வருஷாவருஷம் அதேதான்.”

“எல்லாப் போர்டுக்குமா?”

“அன்னிக்கு டேபிள்ல இருந்ததுக்கு. அதுலயும் ஓடறதுக்கு மட்டும்தான். ஓடாத போர்டை யாராவது பூஜைல வெப்பாளா?”

மூன்று ஓடியது, இரண்டு ஓடாதது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கிப்போயிற்று. பத்து வருஷமாக அவர் பாதுகாத்த பரிசோதனை முடிவு அது.

“இதை நிரூபிக்க முடியுமா?” என்றார், குரலைச் சரி செய்துகொண்டு.

“மஞ்சளும் சுண்ணாம்பும்தானே. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரும்ப மஞ்சளாயிடும். ஆரத்தித் தண்ணில பிழிஞ்சு பாருங்கோ.”

ஆரத்தி எடுத்துக்கொண்ட அனுபவம் அவருக்கு இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே குரல் கொடுத்தார். மேகலா எலுமிச்சம்பழமும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போர்டையும் அந்த அம்மாளையும் கணவனின் முகத்தையும் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு அது போதுமாயிருந்தது. போகாமல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

மதிவாணன் தின்னர் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து, பர்வதத்தின் போர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“உங்ககிட்டயே மூணு இருக்குன்னு போட்டிருந்ததே?” என்றாள் பர்வதம்.

“அது ரெஃபரன்ஸ் போர்டும்மா. விக்கில படம் இருக்கு. அதத் தொடக் கூடாது.”

“இது?”

“இது இன்னும் எதுலயும் இல்லையே.”

பர்வதம் போர்டின் ஓரத்தில் வைத்திருந்த விரலைச் சற்று நேரம் எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். “செய்யுங்கோ. அவர் பேர் வந்தா சரி.”

“ஆதாரம் கிடைச்சா பாப்போம்” என்றார் மதிவாணன். அவர் பொய் சொல்கிறவர் அல்ல.

தின்னர் தொட்ட பஞ்சு வார்னிஷைக் கரைத்தது. திறந்துகொண்ட சிவப்பின்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு. புள்ளி ஓரத்திலிருந்து மஞ்சளாகி, நடுவரைக்கும் மஞ்சளாகி நின்றது. மதிவாணன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தார். கடைசிப் படம் தெளிவாக வருவதற்காகப் பஞ்சால் ஒரு துடை துடைத்தார். புள்ளி இருந்த இடத்தில் இப்போது பச்சைப் போர்டு மட்டும் இருந்தது. பர்வதம் அதுவரை போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், காபியைப் பார்க்கத் தொடங்கினாள்.

“இதத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்” என்றாள் மேகலா.

“நீ ஆதாரமில்லாம சொன்ன” என்றார் மதிவாணன், தலையைத் தூக்காமல்.

பத்து வருஷப் பெயர் ஒரு சொட்டில் போயிற்றே என்றுதான் மதிவாணன் முதலில் நினைத்தார். இரண்டாவது நினைப்பு அதைவிட நன்றாக இருந்தது. இதை இன்னொருவர் எழுதினால் அவமானம். தானே எழுதினால் ஆராய்ச்சி.

முகம் தெளிந்த மதிவாணன் அதன் பிறகு நிறையப் பேசினார், நிறையக் கேட்டார். பர்வதமும் மனம் விட்டுச் சொன்னாள். பொன்னி பொது டிசைன்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் குறுவைக்குப் பம்புசெட்டெல்லாம் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் பாதியாகிவிடும், பெரிய கம்பெனி இயந்திரமெல்லாம் மயங்கி விழும். சாமா பவர் பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு ராப்பகலாகப் புதிதாகப் போட்டார். பொன்னி மயங்காது. அதுதான் அவர் செய்தது. அவர் செய்தது அது ஒன்றுதான்.

“ஆமா” என்றார் மதிவாணன், தன்னை மறந்து. “குத்தாலத்துல ஒரு மில்லு. சாயங்காலம். டியூப்லைட்டு பத்திக்கவே மாட்டேங்குது, ஃபேன் நிக்குது. பொன்னி பாட்டுக்குப் பில்லு அடிச்சுத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.”

பர்வதத்தின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “பாத்தேளோன்னோ! நீங்களே பாத்திருக்கேள்!”

கேட் திறந்தது. போர்டைப் படம் எடுக்க வைத்துக்கொள்கிறேன், அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவள் துண்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மேகலாவிடம் மட்டும் தனியாகச் சொல்லிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போனாள்.

கட்டுரை இரண்டே நாளில் தயாராயிற்று. சிவப்புப் புள்ளி வகை என்று ஒன்று இல்லை, அது தென்னிந்தியத் தொழிற்கூடங்களில் ஆண்டுக்கொருமுறை நடக்கும் சடங்கின் எச்சம், எலுமிச்சைச் சாற்றால் உறுதி செய்யப்பட்டது. படங்கள் ஏழு. குங்குமம் வைத்தவர் பெயர் கட்டுரையில் இல்லை, ஏனென்றால் யார் வைத்தார்கள் என்பது படத்தில் தெரியவில்லை. தன் தவறைத் தானே போட்டு உடைத்த நேர்மையைப் பாராட்டி உலகத்தின் பல மூலைகளிலிருந்து செய்தி வந்தது. ஆரஞ்சுப் புள்ளிக்காரர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. தலைமைத் தொகுப்பாளர் பொறுப்புக்கு மதிவாணனை முன்மொழிவதாகப் பின்லாந்துக்காரர் அறிவித்தார். மதிவாணன் அந்த மகிழ்ச்சியில் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

அதே செய்தியின் அடியில் பின்லாந்துக்காரர் இன்னொன்றும் கேட்டிருந்தார். பொன்னிக்குத் தனிப் பக்கம் இருந்ததே அந்தப் புள்ளியால்தான். புள்ளி போய்விட்டது. இனி அதைப் பொதுப் பக்கத்தோடு இணைத்துவிடலாமா, அல்லது பொன்னிக்கென்று வேறு ஏதாவது தனித்தன்மை உண்டா? உங்களுக்குத்தான் தெரியும்.

மதிவாணனுக்குத் தெரியும். பின்னறை அலமாரியின் மேல்தட்டில் வேரியாக் இருந்தது. வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகலாம், குமிழைத் திருப்பினால் ஆயிற்று. அதில் பொன்னியை மாட்டி, மீட்டர் தெரிய, திரை தெரிய, ஒரு வீடியோ. படத்தில் தெரிந்தால் ஆதாரம். தன் விதிப்படியே ஆதாரம். ஒரு மதியம்கூடத் தேவைப்படாது.

ஸ்டூலில் ஏறி வேரியாக்கைத் தொட்டும் விட்டார். தூசி விரலில் ஒட்டியது. வீடியோ போட்டால் பக்கம் நிற்கும். பக்கம் நின்றால் அந்தப் பவர் பகுதியை யார் செய்தது என்ற கேள்வி வரும். அப்புறம் பெட்டிக்குள் ஒரு பெயர் ஏறும், ஏறிய பிறகு அது சாமாவின் பக்கம். மதிவாணன் அதில் ஒரு காலத்தில் குங்குமத்தைப் பார்த்து ஏமாந்தவர் மட்டும்தான். பொதுப் பக்கத்தோடு இணைந்துவிட்டாலோ, பொன்னியும் இல்லை, ஏமாந்ததும் இல்லை. நேர்மைக் கட்டுரை மட்டும் மிஞ்சும்.

இறங்கி, கை கழுவிவிட்டு வந்து, ‘ஆதாரத்துடன் எதுவும் இல்லை. இணைக்கலாம்’ என்று எழுதினார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதை மறுபடி படித்து உறுதி செய்துகொண்டார். பொன்னி அன்று மாலையே பொதுப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் ஒரு கமாவுக்கும் இன்னொரு கமாவுக்கும் நடுவில் போய்ச் சேர்ந்தது.

பர்வதம் சொன்ன மாதத்துக்கு முன்பே வந்தாள். அன்று கேட் திறந்தேதான் இருந்தது.

“பக்கத்தையே காணோமே சார்.”

“இணைச்சாச்சும்மா. புள்ளி இல்லைன்னு ஆனதும் தனிப் பக்கத்துக்கு வழியில்ல.”

“புள்ளி குங்குமம்னு நான் சொன்னதாலயா?”

“உண்மையைத்தானே சொன்னீங்க.”

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், உட்காரவில்லை. “நான் வாயை மூடிண்டு இருந்திருந்தா, பேர் இல்லாட்டாலும் பக்கமாவது இருந்திருக்கும். அப்படித்தானே?”

“அப்படியும் சொல்லலாம்” என்றார் மதிவாணன். எதிராளியின் வாதத்தில் நியாயம் இருந்தால் ஒப்புக்கொள்வது அவர் வழக்கம்.

“குத்தாலம் மில்லுல பாத்தேன்னேளே. அதை எழுதப்படாதா?”

“பாத்தேன்மா. பாத்தது ஆதாரம் ஆகாது.”

“உங்க கண்ணுகூடவா?”

“எனக்குன்னு தனி விதி வெச்சுக்க முடியுமா? நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க.”

பர்வதம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். டெஸ்டிங் டேபிளில் பாதி ஆயுளைக் கழித்தவள். பார்வை மேல்தட்டில் நின்றது. தூசிப் படலத்தில் விரல் பட்ட தடம் அங்கிருந்தே தெரிந்தது.

“அது வேரியாக்தானே? எடுங்கோ. நான் இப்பவே ஓட்டிக் காட்டறேன். நூத்தி முப்பது வரைக்கும் இறக்கலாம், அவர் இறக்கிக் காமிச்சிருக்கார். ஃபோன்ல படம் பிடியுங்கோ.”

“படம் எடுத்து எதுலம்மா போடறது? பக்கமே இல்லையே.”

“புதுசா ஒண்ணு தொடங்கப்படாதா?”

“ஒரு தடவ இணைச்சத ஒரு வருஷத்துக்குத் தொடக் கூடாது. விதி.”

“அது யார் போட்ட விதி?”

“நாந்தான் போட்டேன். போன வாரம்.”

சொல்லிவிட்டு அவருக்கே சற்றுக் கூச்சமாக இருந்தது, ஆகவே போர்டைத் தானே துண்டில் சுற்றித் தரக் கை நீட்டினார். பர்வதம் துண்டைக் கொடுக்கவில்லை. போர்டை வாங்கி, துடைத்த இடத்தின்மேல் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். தின்னரில் அங்கே வார்னிஷ் போய், கொஞ்சம் வெளுத்திருந்தது.

நிலைப்படியில் நின்ற மேகலா, “இருங்கம்மா, காபி போடுறேன்” என்றாள்.

“வேண்டாம்மா. பஸ் போயிடும்” என்ற பர்வதம், மதிவாணனைப் பார்த்து, “உங்க முழுப் பேர் மதிவாணன்தானே? முன்னாடி இனிஷியல் என்ன?” என்று கேட்டாள்.

“நெ. மதிவாணன். எதுக்கு?”

“சும்மாத்தான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மேகலா அன்று அவரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள். ஊறுகாய் கேட்டதற்கு, “இருக்குன்னு ஆதாரம் இல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தலைமைத் தொகுப்பாளர் பொறுப்பு வந்த மறுநாள் காலை, மதிவாணன் ஷட்டரைத் தூக்கிவிட்டு விக்கியைத் திறந்தார். பர்வதத்தின் ஒரு மாதத் தடை முந்தின நாளோடு தீர்ந்திருந்தது. பொதுப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வரி கூடியிருந்தது. ‘பொன்னியைக் குறைந்த வோல்டேஜிலும் ஓடச் செய்தவர் தஞ்சாவூர் சாமா.’ ஆதாரம் என்ற இடத்தில், ‘நெ. மதிவாணன், நீடாமங்கலம். குத்தாலம் மில்லில் பக்கத்தில் நின்று நேரில் பார்த்தவர்’ என்று இருந்தது.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிழை எதுவும் இல்லை. இனிஷியலுக்குப் பிறகு புள்ளி, இடைவெளி எல்லாம் சரியாக இருந்தது. டீயை ஓரமாக வைத்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார், அழித்தார். காரணம் கேட்டுப் பெட்டி திறந்தது. வழக்கமான விதியை எழுதப் போனவர் நிறுத்தினார். அதை எழுதினால் நெ. மதிவாணன் பார்த்தது உண்மை, நினைவு என்பதால்தான் செல்லாது என்று ஆகிவிடும். நாளைக்கே யாராவது அந்த ஆளைத் தேடிக் கேட்பார்கள். யோசித்து, எந்தச் சந்துக்கும் இடம் கொடுக்காத காரணம் ஒன்றைத் தட்டினார்.

‘சாட்சி நம்பத் தகுந்தவர் அல்ல.’

சேமித்துவிட்டு, அடுத்த தப்புக்குப் போனார்.